பத்தொன்பதாம் விதியும் ஒரு பென்சில் கோடும்

புதன், மாலை

என் அன்பு வாலுக்கு,

ஒரு பென்சில் கோட்டை நான் தெரியாமல் போட்டேனா, தெரிந்தே போட்டேனா? இரண்டு வாரமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன், விடை தெரியவில்லை. அது கிடக்கட்டும், முறைப்படி தொடங்குகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம், ஒரு பல் நீங்கலாக. நீ அங்கே நலம் என்பதற்கு, போன ஞாயிறு போனில் நீ சொன்ன "ம்" என்ற ஒரே எழுத்தைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை, இருந்தாலும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் தெரிந்த நாற்காலியில் மூன்று ஈரச் சட்டைகள் தொங்கின. அறைக்குள் துணி காயப்போடாதே, சுவரில் பூஞ்சை பிடிக்கும், பிறகு சளி, பிறகு மருந்து எதுவும் சாப்பிடாமல் இருப்பாய். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இன்று சொல்ல வந்தது பெரிய விஷயம், போனில் சொன்னால் பாதியில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதால்தான் தாளை எடுத்தேன்.

முதலில் பல். உன் அப்பா பேனா மூடியைக் கடித்ததில் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து மூன்று வாரமாகிறது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் இடது பக்கமாகவே மெல்லுகிறார், கேட்டால் அது பழக்கம் என்கிறார். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், இப்படி ஒரு பழக்கம் இருந்ததில்லை. அடுத்த தெரு பல் டாக்டரம்மாவிடம் காட்டுங்களேன் என்றேன். அந்தப் பெண் என்னிடம் தொழில் கற்றவள், அவள் எதிரில் நான் வாயைத் திறப்பதா என்கிறார். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிற மனுஷன். வலியைவிட அதை வெளியே சொல்வதுதான் கஷ்டம் போலிருக்கிறது. இதை நான் கேலியாகத்தான் எழுதத் தொடங்கினேன், எழுதி முடித்த பிறகு அவ்வளவு கேலியாக இல்லை.

எங்கள் கல்லூரியில் போன வருஷம் மாணவர் ஒழுங்கு விதிப் புத்தகத்தைத் திருத்தி அச்சிட ஆறு பேர் கொண்ட குழு போட்டார்கள். புள்ளியியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் பக்க எண்களையாவது சரியாகப் போடுவேன் என்று என்னையும் சேர்த்து, மெய்ப்புத் திருத்துகிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள். முதல்வர், சும்மா ஒரு கையெழுத்துத்தான் மேடம், பெரிசா ஒண்ணும் இல்லை என்றார். அவர் அப்படிச் சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. பதினாலாம் விதி தேர்வில் காப்பி அடிப்பதைப் பற்றியது. கிடைத்த சான்றுகளையும் சூழ்நிலையையும் பார்த்து, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழு கருதினால் போதும், பையன் வெளியே. பத்தொன்பதாம் விதி பாலியல் அத்துமீறல். பழைய புத்தகத்தில் அதற்குத் தலைப்பு "பண்பற்ற நடத்தை", ஏதோ சாப்பாட்டு மேஜையில் ஏப்பம் விட்டவனைப் பற்றிச் சொல்வது போல. அந்தத் தலைப்பை மாற்ற மட்டும் நாற்பது நிமிஷம் பேசினோம். கீழே இருந்த வாக்கியத்தை மாற்ற முடியவில்லை. நேரில் பார்த்த சாட்சிகள் இருவராவது இருந்து, துளியும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும் என்று அது சொல்லிற்று. நீயே யோசித்துப் பார். இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்தக் காரியத்தை எவனாவது செய்வானா? நாற்பது பேர் நடுவில், வெளிச்சத்தில், மேற்பார்வையோடு நடக்கிற குற்றம் காப்பி அடிப்பதுதான். அதற்குச் சாட்சி வேண்டாமாம், கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதற்கு இரண்டு சாட்சி வேண்டுமாம்.

இதை நான் கூட்டத்தில் சொன்னேனா என்று கேட்பாய். சொல்லத் தொடங்கினேன். தேர்வு அதிகாரி, அவரை உனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்தபோது உன் புத்தக அலமாரியைக்கூடச் சோதனை போடுவது போல் பார்த்தாரே, அவர்தான், ஒரு பையனோட எதிர்காலம் மேடம், விளையாட்டில்லை என்றார். காப்பி அடித்த பையனுக்கு எதிர்காலம் கிடையாதா என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்து, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. என் குணம் உனக்குத் தெரியும், சபையில் பேச வேண்டியதை வீட்டுக்கு வந்து பாத்திரத்திடம் பேசுகிறவள். அன்றைக்குப் பாத்திரத்துக்குப் பதிலாக மெய்ப்புத் தாள் இருந்தது. இரண்டு விதிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. பதினாலின் வாக்கியத்திலிருந்து பத்தொன்பதின் வாக்கியத்துக்குப் பென்சிலால் இரண்டு முனையுள்ள ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். இது அங்கே இருக்க வேண்டியது, அது இங்கே இருக்க வேண்டியது இல்லையா என்று எனக்கு நானே செய்துகொண்ட பரிகாசம், அவ்வளவுதான். அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. தாள் தட்டச்சுக்குப் போயிற்று.

இங்கே "அப்படியே அம்மா"வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத் தட்டச்சர், முப்பது வருஷ சர்வீஸ். தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தட்டுவார், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். ஒருமுறை ஆண்டறிக்கையின் ஓரத்தில் முதல்வர் பியூனுக்காகக் கிறுக்கி வைத்ததையும் சேர்த்துத் தட்டிவிட்டார். முப்பத்தொன்றாம் பக்கத்தில், இவ்வாண்டு நம் தேர்ச்சி விகிதம் எண்பத்திரண்டு, டீ வந்ததா என்று அச்சாகி, பல்கலைக்கழகம் வரை போயிற்று. அப்போது யாரோ கேட்டதற்கு, இருந்துச்சு, அப்படியே போட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், பெயரும் அதுவே ஆகிவிட்டது. இப்படிப்பட்டவர் கைக்கு அந்தத் தாள் போகும் என்று தெரிந்திருந்தும் கோட்டை அழிக்காமல் விட்டேனே, அதுதான் முதல் வரியில் கேட்ட கேள்வி. எப்படியோ இரண்டு வாக்கியங்களும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம், ஆட்சிக் குழு ஒரு பிஸ்கட் தட்டு காலியாவதற்குள் நிறைவேற்றிற்று, ஐந்நூறு பிரதி அச்சாகி எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. ஒருத்தரும் படிக்கவில்லை. நான் மட்டும் புத்தகம் வந்த அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

அந்த வாரமே என் இரண்டாமாண்டு வகுப்பு மாணவி ஒருத்தி பாடம் முடிந்த பிறகு நின்றாள். கணக்கில் சந்தேகம் என்றாள். நோட்டுக்குள் விதிப் புத்தகம் இருந்தது, பத்தொன்பதாம் விதியில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளத்துக்கு வைத்திருந்தாள். விரலை அந்த வரியில் வைத்து, "இதுல இருக்கறது நிஜம்தானே, மேடம்?" என்று கேட்டாள். நான் கோழை மாதிரி, அச்சில் இருக்கிறதே என்றேன். அதற்குப் பிறகு சொன்னாள். யாரென்று உன்னிடமும் சொல்ல மாட்டேன், தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். ஒத்திகை நடந்த ஒரு பிற்பகல், அரங்கத்துக்குப் பின்னால் உள்ள உடைமாற்றும் அறை, உள்ளே தாழ்ப்பாள் போட்டவன் கலை மன்றத்துச் செயலாளர், நாற்காலி தூக்குவது முதல் விருந்தினருக்கு மாலை போடுவது வரை எல்லாவற்றுக்கும் எல்லாரும் கூப்பிடுகிற பையன். இவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவன் விடவில்லை. வெளியே ஓடி வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அதைக் காவலாளி பார்த்திருக்கிறார். அன்றே அறைத்தோழியிடம் அழுதிருக்கிறாள். மறுநாள் அவன், நேற்று நடந்ததை மறந்துவிடு, யாரிடமும் சொல்லாதே என்று செய்தி அனுப்பியிருக்கிறான், அது போனில் இருக்கிறது. நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

புகார்ப் படிவத்தில், தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம், கட்டைவிரல் அகலம் இருக்கும். இதில் எவ்வளவு மேடம் எழுதுவது என்றாள். தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதச் சொன்னேன், இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கற்ற ஒரே மந்திரம் அது. அவள் தனித்தாளில் முதல் வரியாக, புதிய புத்தகம் அப்போது வரவில்லை என்று எழுதினாள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. என் ஒரு கோட்டை நம்பி ஒரு பெண் தெருவில் இறங்கிவிட்டாள்.

இவ்வளவும் வெளியே வராமலே போயிருக்கும், காப்பி அடித்த மூன்று பையன்கள் இல்லாவிட்டால். தேர்வு அதிகாரியே நேரில் பிடித்திருக்கிறார், துண்டுச் சீட்டோடு. அவர்கள் கொஞ்சமும் பதறாமல் புதிய புத்தகத்தைப் பிரித்து, சார், நேரில் பார்த்தவங்க ரெண்டு பேர் வேணும், நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க என்று காட்டியிருக்கிறார்கள். இந்தக் கல்லூரியின் சரித்திரத்திலேயே விதிப் புத்தகத்தை ஆழ்ந்து படித்தவர்கள் இரண்டே வகை, நியாயம் தேடினவள் ஒருத்தி, காப்பி அடித்தவர்கள் மூன்று பேர். அவர் முகம் போன போக்கைச் சொல்லவா வேண்டும். இன்று காலை முதல்வர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சின்னத் தாள் தட்டச்சாகி மேஜையில் இருந்தது. விதி 14, விதி 19 இரண்டிலும் சான்று பற்றிய வாக்கியங்கள் அச்சுப்பிழையால் இடம் மாறிவிட்டன என்று இருந்தது, கீழே மெய்ப்புப் பார்த்தவர் கையெழுத்துக்கு இடம். எங்கள் நடைமுறை இப்படி: அச்சுப்பிழை என்றால் என் கையெழுத்தும் முதல்வர் கையெழுத்தும் போதும், சத்தமில்லாமல் பழையபடி ஆகிவிடும். பிழை இல்லை என்றால் அது விதி, மாற்ற வேண்டுமானால் ஆட்சிக் குழுவில் யாராவது எழுந்து காரணம் சொல்லி, கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். நாளை பத்து மணிக்கு ஆட்சிக் குழு. இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணின் விசாரணை. நான் கையெழுத்துப் போட்டால் பத்தேகால் மணிக்கே அவள் புகார் செத்துவிடும், இரண்டு மணிக்கு அவளை உட்காரவைத்து, சாட்சி எங்கேம்மா என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அப்படியே அம்மாவுக்குக் கவனக்குறைவு என்று மெமோ தயாராகிறதாம், அதையும் வழியில் கேள்விப்பட்டேன்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், சாட்சி இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பாய். ஏழாம் வகுப்பில் ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவை உடைந்தபோது, ஆசிரியர் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து உன்னை இரண்டு நாள் வெளியே நிற்கவைத்தார்கள், நீ இல்லை என்று சத்தியம் செய்தாய், அந்தக் கோபம் உனக்கு இன்னும் போகவில்லை. அதை நான் மறக்கவில்லை. பிழை இரண்டு வகை என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான், செய்யாதவனைத் தண்டிப்பது ஒன்று, செய்தவனை விடுவது இன்னொன்று, ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். இரண்டு சாட்சி கேட்டால் முதல் பிழை குறையும், சரிதான். ஆனால் அதற்கான விலையை எப்போதும் ஒரே தரப்பு கொடுக்க வேண்டியிருக்கிறதே. கல்லூரி யாரையும் சிறையில் போடுவதில்லை, அதிகம் போனால் வெளியே அனுப்பும். அதற்குமுன் அவன் தரப்பையும் முழுதாகக் கேட்க வேண்டும், அவன்மேல் என்ன சொல்லப்பட்டது என்று அவனுக்குக் காட்ட வேண்டும், அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்களோ அவள்மேல் இரக்கப்படுகிறவர்களோ தீர்ப்புச் சொல்லக் கூடாது, இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவ்வளவும் இருந்தால், நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்ற கேள்வி நியாயமான கேள்வி என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன், கவனி.

அப்பாவிடம் சொன்னேன். இடது பக்கமாக மென்றுகொண்டே, கோடு போட்டது நீ, அப்புறம் அது எப்படி அச்சுப்பிழை ஆகும் என்று கேட்டார். பல் போனாலும் மூளை இருக்கிறது. அது அச்சுப்பிழை இல்லை என்பது உண்மை. அந்த ஒரு சொல்லுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட முடியாது, அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இதை அறைக்குள் முதல்வர் காதில் சொல்லாமல் சபையில் எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டும். பாத்திரத்திடம் சொல்லிப் பழகிய வாய் நாளைக்குத் திறக்குமா பார்க்கலாம்.

கடிதத்தை நாளை மாலைதான் தபாலில் போடுவேன், நடந்ததையும் சேர்த்து எழுதுவதற்காக. உடம்பைப் பார்த்துக்கொள். உன் வாக்கு நாலு பேர் நம்பும்படி இருக்கட்டும், நம்பாத இடத்திலும் நீ உண்மையே பேசு, நூறு வயது நன்றாக இரு. துணியை வெளியே காயப்போடு. அந்தக் குடுவையை நீதானே உடைத்தாய், இப்போதாவது எழுது, தண்டனைக் காலம் முடிந்துவிட்டது.

உன் வாக்கை அன்று சான்றில்லாமல் நம்பிய,
அம்மா

வியாழன், மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பத்து மணிக்கு முதல்வர் அந்தத் தாளை எல்லார் எதிரிலும் என் பக்கம் தள்ளி, பேனாவையும் திறந்து நீட்டினார். நான் எழுந்து, "இது அச்சுப்பிழை இல்லை, சார். கோடு போட்டது நான்" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத அளவுக்குச் சத்தமாக இருந்தது. தட்டச்சருக்குத் தருவதாக இருந்த மெமோவில் என் பெயரைப் போடச் சொன்னேன். பிறகு, விதியை மாற்றியே தீர வேண்டும் என்று தேர்வு அதிகாரி எழுந்தார். அப்படியே அம்மா வழக்கம்போல மூலையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினார். காப்பி அடித்த வழக்கில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால் போதும் என்றும், ஒரு மாணவியிடம் ஒருவன் அத்துமீறின வழக்கில் மட்டும் நேரில் பார்த்த இரண்டு பேர் வேண்டும் என்றும் இந்தக் குழு கருதுவதால் என்று அவர் வந்து சேர்ந்த இடத்தில், அந்த அம்மா தலையைத் தூக்கினார்.

"அப்படியே எழுதிக்கவா, சார்?"

அவருடைய வழக்கமான அதே குரல்தான், ஒரு மாத்திரை கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதிகாரி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முதல்வர் தண்ணீர் குடித்தார். பிறகு அதிகாரி, பதினாலை மட்டும் பழையபடி போடுங்கள், மற்றது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிடிபட்ட மூவருக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்புத் தருவதென்றால் நானும் கை தூக்குகிறேன் என்றேன், சேர்த்துக்கொண்டார்கள், தூக்கினேன். பத்தொன்பதை ஆதரித்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே அது பிழைத்துவிட்டது. எனக்கு மெமோ வந்தது, இருபத்து நான்கு வருஷத்தில் முதல் மெமோ, அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்கிறார். மதியம் அந்த டாக்டரம்மாவிடம் போய் வாயைத் திறந்துவிட்டும் வந்திருக்கிறார்.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் விசாரணை அறைக்குள் போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன், உள்ளே எனக்கு வேலை இல்லை. மூன்று மணிக்கு அப்படியே அம்மா இரண்டு டம்ளரோடு வந்து, டீ வந்துடுச்சு மேடம் என்று பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மெமோவுக்கு வருத்தம் தெரிவிக்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், மடியில் இருந்த பையிலிருந்து அந்தப் பழைய மெய்ப்புத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். அம்பு இருந்தது, பக்கத்தில் நான் போட்ட கேள்விக்குறியும் இருந்தது.

"கேள்விக்குறியை மட்டும் விட்டுட்டேன், மேடம். அது தேவைப்படலை."

முப்பது வருஷத்தில் அவர் தாளில் இருந்ததை விட்டது இந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. பையனை அவன் பதிலோடு திங்கட்கிழமை அழைத்திருக்கிறார்கள், முடிவு அதற்கப்புறம்தான், என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கேட்டாங்க, மேடம்" என்றாள். கேள்வி கேட்டார்களா, காது கொடுத்துக் கேட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. என் டீ ஆறிப்போயிருந்தது. வேறு சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்று அப்படியே வாங்கிக் குடித்தாள்.